ரோஜா நூல் இருபத்தொன்பது, நீல நூல் இரண்டு

1988 ஜனவரி 26, செவ்வாய்க்கிழமை, காலை ஆறு மணி இருபது நிமிடம். முந்தின நாள் மதியம் தொடங்கிய மழை ஐந்தரைக்குத்தான் நின்றிருந்தது. காற்று அறவே இல்லை. கொட்டகைச் சுவரில் இருந்த வெப்பமானி இருபத்தேழு காட்டியது. பவளத்திட்டுக்கு இப்புறம் கடல் அசையாமல் கிடந்தது. மழை கொண்டுவந்த செம்மண் கரையோரத்தில் மட்டும் ஒரு பட்டையாகத் தெரிந்தது. அந்தப் பட்டையின் அகலத்தைக்கூட அடி வைத்து அளந்து எழுதியிருக்கிறேன்: பதினேழு அடி.

மீன்பண்ணை ஆய்வகத்தில் புதிதாகச் சேர்ந்திருக்கும் நீங்கள் ஐந்து பேரும், மூவர் தூத்துக்குடிப் பக்கம், இருவர் நாகப்பட்டினம், என்னிடம் இரண்டு முறை கேட்டீர்கள்: "சார், தட்டு ஒன்றை ஏன் வெறுமனே வைக்கச் சொல்கிறீர்கள்?" அதற்கு இரண்டு வரியில் பதில் சொல்லலாம். ஆனால் இரண்டு வரிப் பதிலை நானே ஒரு காலத்தில் பரீட்சைக்கு எழுதி முழு மதிப்பெண் வாங்கியவன். அது அன்று காலை எனக்கு உதவவில்லை.

எனக்கு அப்போது நாற்பத்தொரு வயது. மொரிசியசுக்கு வந்து ஒன்பது ஆண்டுகள். குட்லண்ட்ஸுக்குக் கிழக்கே, கரும்பு வயல்கள் முடியும் இடத்தில், கடலின் ஒரு மூலையைக் கருங்கல் சுவரால் அடைத்து வைத்திருந்த குளம். இங்கே பாரஷுவா என்பார்கள். அதில் தட்டுகளைக் கயிற்றில் தொங்கவிட்டுச் சிப்பி வளர்த்தோம். கடற்கரை முழுக்க ஓட்டல்கள் எழும்பிக்கொண்டிருந்த காலம். வெள்ளைக்காரர்கள் சிப்பியைப் பச்சையாக, எலுமிச்சை பிழிந்து விழுங்குவார்கள். சமைக்காமல் தின்னும் பொருள் என்பதால், ஒவ்வொரு அனுப்புதலுக்கும் என் கையெழுத்து வேண்டும். சிப்பியைத் தேய்த்துக் கழுவி, அளவு பிரித்து அடுக்குவதற்குக் கொட்டகையில் பதினோரு பெண்கள்.

அந்தச் சனிக்கிழமை ஒரு புதிய ஓட்டலின் திறப்பு விருந்து. எழுநூற்று இருபது சிப்பிகள். எங்களுக்கு அதுவரை வந்ததில் அதுதான் பெரிய ஆர்டர்.

செவ்வாய்க்கிழமைதோறும் பன்னிரண்டு சிப்பிகளைத் திறந்து பார்ப்பது என் வழக்கம். மூன்றாவதில் ஒரு நூல் கண்டேன். மைக்ராஸ்கோப்பில் வைத்தேன். பருத்தி நூல் ரிப்பனைப் போல முறுக்கிக்கொண்டிருக்கும். இது கண்ணாடிக் குச்சிபோல ஒரே கனம், ஒரே வழவழப்பு, நல்ல ரோஜா நிறம். ஊசியைச் சுடவைத்து அருகில் கொண்டுபோனேன், சுருண்டு உருகியது. மனிதன் செய்த நூல். இன்று நீங்கள் நுண்நெகிழி என்று ஒரே சொல்லில் முடித்துவிடுகிறீர்கள். எனக்கு அன்று அந்தச் சொல் இல்லை. குறிப்பேட்டில் "நூல்" என்று எழுதினேன்.

பன்னிரண்டு சிப்பிகளில் முப்பத்தொரு நூல்கள். ரோஜா இருபத்தொன்பது, நீலம் இரண்டு.

எங்கள் சுவருக்கு ஒன்றரை மைல் தெற்கே ஒரு கால்வாய் கடலில் விழுகிறது. அதன் மேல்முனையில் ஸ்வெட்டர் பின்னும் ஆலை ஒன்று இருந்தது. அதற்கு நாலு மாதம் முன்பு ஒரு நாள் பஸ்ஸிலிருந்து பார்த்தபோது கால்வாய் நீர் வெளிர்சிவப்பாக ஓடியது. அந்தத் தேதியையும் எழுதி வைத்திருந்தேன். இரண்டையும் சேர்த்துப் பார்த்தேன். மணி ஏழு ஐம்பதுக்கு எனக்குச் சந்தேகமே இல்லை. சந்தேகமில்லாமல் நான் இருந்த நாட்கள் என் வாழ்க்கையில் மிகக் குறைவு. அவற்றில் ஒன்றிலும் நான் சரியாக இருந்ததில்லை.

திரெக்தேரிடம் போனேன். பண்ணையின் நிர்வாகியை எல்லோரும் அப்படித்தான் அழைப்போம். நான் சொன்னதைக் குறுக்கே பேசாமல் கேட்டார்.

"ஆலையிலிருந்துதான் வருகிறது என்று எழுதிக் கையெழுத்துப் போடுவீர்களா?"

"போடுவேன்."

"நாளை இரண்டு மணிக்கு வேன் போர்ட் லூயிஸ் போகிறது. அதில் அமைச்சகத்துக்கு அனுப்பிவிடுகிறேன். அவர்கள் பதில் சொல்லும்வரை ஒரு சிப்பியும் வெளியே போகாது. விற்பனை இல்லாமல் பதினோரு பேருக்கு நான் கூலி கொடுக்க முடியாது. கொட்டகையை நாளை மாலை பூட்டிவிடுவேன். இதையும் சேர்த்து யோசித்து எழுதுங்கள்."

நான் சேர்த்து யோசிக்கவில்லை. உண்மைக்கு முன்னால் கூலி எம்மாத்திரம் என்று நினைத்தேன்.

புதன்கிழமை காலை ஒன்பது மணிக்குக் கொட்டகைக்குப் போய்ப் பெண்களிடம் சொன்னேன். தேய்க்கும் பிரஷ்களின் சத்தம் நின்றது. அவர்களில் மூத்தவரை எல்லோரும் தாந்தின் என்பார்கள். அத்தை, சித்தி என்பதுபோல இங்கே பெரியவளைக் கூப்பிடும் சொல். முப்பத்தெட்டு வயது. நாலு தலைமுறைக்கு முன் கரும்பு வெட்ட வந்த தமிழ்க் குடும்பம். அவர் பேசியதெல்லாம் கிரியோல்; நான் தமிழில் எழுதுகிறேன். காவடி, விரதம், அண்ணா, இந்த மூன்றும் அவருடைய சொந்தத் தமிழ். மகிழ்ச்சியாக இருந்தால் என்னை அண்ணா என்பார். கோபமோ பயமோ இருந்தால் மிஸ்யே, ஐயா என்று அர்த்தம்.

"நூலுக்கு என்ன நிறம், மிஸ்யே?" என்று மட்டும் கேட்டார்.

"ரோஜா."

அவர் பிரஷ்ஷைக் கீழே வைத்தார். பிறகு எடுத்துத் தேய்க்கத் தொடங்கினார்.

பதினொன்று நாற்பதுக்கு, அறிக்கையின் இரண்டாம் பக்கத்தைத் தட்டச்சு செய்துகொண்டிருந்தபோது, தாந்தின் ஆய்வக வாசலில் நின்றார். கையில் ஒரு பை.

"அந்த நூலை நான் பார்க்கலாமா?"

"எதையும் தொடக்கூடாது."

"கண்ணாலதானே பாக்கப்போறேன். கண்ணுக்குமா வரி?"

மைக்ராஸ்கோப்பில் ஒரு கண்ணை வைத்தார். மற்றக் கண்ணைக் கையால் பொத்திக்கொண்டார். "பொந்தியே," என்றார் மெதுவாக. கடவுளே என்று அர்த்தம். பிறகு பையிலிருந்து ஒரு துணியை எடுத்து மேசையில் வைத்தார். ரோஜா நிறம். காவடிக்கு இங்கே எல்லோரும் உடுத்தும் அதே நிறம். காவடிக்கு ஒரு வாரம்தான் இருந்தது.

"திங்கக்கிழமை பகல் சாப்பாட்டு நேரத்துல வெட்டினேன். இந்த மேசையிலதான். வீட்டு மேசை தட்டு வைக்கவே பத்தாது. அஞ்சு பேருக்கு வெட்டணும். நீங்க ரோஸ் ஹில்லுக்குப் போயிருந்தீங்க. மழைன்னு ஜன்னலைச் சாத்திட்டேன்."

"வெட்டிவிட்டு?"

"தூசி தூசியா இருந்துச்சு. உங்க இடமாச்சே, சுத்தமா இருக்கணும்னு உங்க வெள்ளைத் துண்டாலயே மேசையைத் துடைச்சு வச்சேன்."

அந்த வெள்ளைத் துண்டில்தான், செவ்வாய்க்கிழமை, ஒவ்வொரு சிப்பிக்குப் பிறகும் கத்தியைத் துடைத்திருந்தேன். பன்னிரண்டு முறை.

"நேற்றே ஏன் சொல்லவில்லை?"

"நேத்து எனக்கு என்ன தெரியும்? இன்னிக்குக் காலையிலதானே நிறத்தைச் சொன்னீங்க." துணியை மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார். "ரெண்டு மணி நேரமா யோசிச்சேன், மிஸ்யே. சொன்னா என் வேலை போகும். சொல்லலேன்னா பதினோரு பேருக்கும் போகும். பதினொண்ணுல ஒண்ணு கழிச்சா பத்து. கணக்கு உங்களுக்கு நல்லா வருமே."

கத்தரியை எடுத்துத் துணியில் ஒரு துண்டு வெட்டினேன். ஒத்துப்பார்க்க இன்னொன்று. நம்பிக்கை வராமல் மூன்றாவது. கனம் ஒன்று, நிறம் ஒன்று, சுட்ட ஊசிக்குச் சுருண்ட விதமும் ஒன்று.

"அது என் புருஷனோட வேட்டி," என்றார் தாந்தின். "நட்ட நடுவுல ஓட்டை போட்டுட்டீங்க. இதைக் கட்டிக்கிட்டா காவடி எடுப்பாரு?"

மணி பன்னிரண்டு பத்து. வேன் கிளம்ப இரண்டு மணி நேரத்துக்கும் குறைவாகவே இருந்தது. அறிக்கையில் கையெழுத்து மட்டும்தான் பாக்கி. உங்களிடம் மறைக்காமல் சொல்கிறேன்: ஐந்து நிமிடம், கடிகாரத்தைப் பார்த்தபடி, கையெழுத்துப் போட்டுவிடலாமா என்று யோசித்தேன். ஆலைக் கழிவு கடலில் விழுவது உண்மைதானே, அதன் நூல் எங்கேயாவது இருக்கத்தானே செய்யும் என்று ஒரு நியாயமும் கண்டுபிடித்தேன். சரியான குற்றவாளி என்று நமக்குத் தோன்றும்போது தப்பான சாட்சியம் அவ்வளவு கனமாகத் தெரியாது. இந்த வேலையில் நீங்கள் பயப்பட வேண்டிய இடம் அதுதான்.

திரெக்தேரிடம் போய், அறிக்கை இல்லை என்றேன்.

"நேற்று ஆலை என்றீர்கள். இன்று?"

"இன்று தெரியவில்லை."

"முப்பத்தொன்று எண்ணினீர்களே, அதில் எது தெரியவில்லை?"

"எண்ணிக்கை சரி. என் மேசை சுத்தமாக இல்லை. நூல் சிப்பிக்குள் இருந்ததா, என் துண்டில் இருந்ததா என்று பார்க்காமல் எண்ணிவிட்டேன். தவறு என்னுடையது."

மேசை எப்படி அசுத்தமானது என்று அவர் கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பேனோ தெரியாது. அவர் கேட்கவில்லை. "வெள்ளிக்கிழமை பகல்வரை தருகிறேன்," என்றார். "அதற்கு மேல் கொட்டகையும் இல்லை, நீங்களும் இல்லை." என் வேலை அனுமதி அந்தப் பண்ணையின் பெயரில் இருந்தது என்பதை அவரும் அறிவார், நானும் அறிவேன்.

ஜன்னலே இல்லாத ஐஸ் அறைக்கு மைக்ராஸ்கோப்பைத் தூக்கிப்போனேன். சுவரையும் தரையையும் தண்ணீரால் நனைத்தேன். பழைய பருத்திச் சட்டை ஒன்றைப் போட்டுக்கொண்டேன். இந்த முறை இருபத்துநாலு சிப்பிகள். ஒவ்வொன்றின் பக்கத்திலும் வெறும் தண்ணீர் ஊற்றிய ஒரு தட்டு. சிப்பியைத் திறந்து மூடும் நேரம் முழுவதும் அந்தத் தட்டும் திறந்திருக்க வேண்டும். அறையிலிருந்து எது விழுந்தாலும் இரண்டிலும் விழும்.

வெறும் தட்டுகளில் நூல் எதுவும் இல்லை. சிப்பிகளில் ரோஜாவும் இல்லை.

நீலம் ஐந்து.

செவ்வாய்க்கிழமையே நீலம் இரண்டு இருந்ததே என்று அப்போதுதான் நினைவு வந்தது. எண்ணியிருந்தேன். பார்க்கவில்லை. இருபத்தொன்பதை வைத்துக்கொண்டு ஆலையோடு சண்டைக்குக் கிளம்பியவனுக்கு இரண்டு கண்ணில் படவில்லை. கதவைத் திறந்து வெளியே வந்தேன். கொட்டகைச் சுவரில் புதுக் கயிறு சுருட்டி மாட்டியிருந்தது. நீல நிறப் பிளாஸ்டிக் கயிறு. மக்காது, மலிவு என்று மூன்று ஆண்டுகளுக்கு முன் நானே தேர்ந்தெடுத்து, நானே வாங்கச் சொன்னது. ஒவ்வொரு சிப்பித் தட்டும் அதில்தான் தொங்கியது. வெயிலிலும் அலையிலும் தேய்ந்துகொண்டிருந்த என் கயிற்றையே என் சிப்பிகளுக்கு ஊட்டிக்கொண்டிருந்தேன்.

வியாழக்கிழமை காலை செய்ததை யாரும் என்னைச் செய்யச் சொல்லவில்லை. சிப்பி இதை எப்படி விழுங்குகிறது என்று பார்க்க வேண்டும் போலிருந்தது. ஒரு சிப்பியின் மேலோட்டைக் கவனமாக எடுத்தேன். அப்படி எடுத்தாலும் சில மணி நேரம் உயிரோடிருக்கும். கண்ணாடிக் கிண்ணத்தில் கடல் நீர், குளத்துப் பச்சைப் பாசி கொஞ்சம், அதோடு கயிற்றிலிருந்து சுரண்டிய நீலத் துணுக்குகள் நாற்பது. துணியைப் பற்றி ஏதோ கேட்க வந்த தாந்தினும் பக்கத்தில் நின்றார்; மைக்ராஸ்கோப்பில் மாறி மாறிப் பார்த்தோம்.

அதற்கு முன் சிப்பியின் செவுளைப் படத்தில் பார்த்திருக்கிறேன். உயிரோடு, வேலை செய்யும்போது பார்த்ததில்லை. பார்வைக்கு எட்டும் இடமெல்லாம் மெல்லிய மயிர் இழைகள், காற்றில் சாயும் கரும்பு வயலைப் போல ஒரே திசையில் அலை அலையாகச் சாய்ந்து எழுந்தன. பாசித் துகள் ஒன்று வந்து விழுந்தால், அந்த அலை அதைத் தூக்கி, வரிசையில் விட்டு, வாயை நோக்கி நகர்த்தியது. நீலத் துணுக்கு விழுந்தால் அங்கே ஒரு தயக்கம். நான் கற்பனை செய்யவில்லை, தயக்கம்தான். துணுக்கு நின்றது, திரும்பியது, அதைச் சுற்றி ஒரு கோழை படர்ந்தது, பொட்டலம் கட்டியதுபோல உருண்டு, எதிர்த் திசையில் ஓரத்துக்குப் போய் வெளியே விழுந்தது. கண் கிடையாது, தலை கிடையாது. ஒரு பக்கம் உணவு, மறுபக்கம் குப்பை. ஒவ்வொரு துகளாக, அவசரமில்லாமல், இரவும் பகலும், அந்தக் குளத்தில் நாங்கள் தொங்கவிட்டிருந்த அத்தனை ஆயிரம் சிப்பிகளும் இதைத்தான் செய்துகொண்டிருந்தன. எண்ணுவது மனிதன் செய்யும் காரியம் என்று அதுவரை நினைத்திருந்தேன். என் பென்சில் கையிலேயே இருந்தது; கால் மணி நேரம் ஒன்றும் எழுதவில்லை.

"விரதம் இருக்குது, அண்ணா," என்றார் தாந்தின். "வேண்டாததைத் தள்ளுது பாருங்க."

எல்லாவற்றையும் தள்ளவில்லை. நாற்பதில் முப்பத்துமூன்று வெளியே வந்தது. ஏழு உள்ளே போனது. அந்த ஏழும் பாசித் துகளின் அளவு. நாம் செய்த பொருள் அதன் உணவின் அளவுக்குத் தேய்ந்த பிறகு அதற்கு வித்தியாசம் தெரியவில்லை. எத்தனையோ காலமாகப் பிசகாமல் பிரித்துவந்த ஒரு பிராணியை, மூன்று ஆண்டுக் கயிறு ஏமாற்றிவிட்டது. எனக்கு உடம்பு சிலிர்த்தது. வியப்பா, வெட்கமா என்று இன்றும் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

"ஏழு உள்ளே போயிற்றே," என்றேன்.

"விரதத்துல தெரியாம வாய்க்குள்ள போறது எல்லாருக்கும் உண்டு. தெரிஞ்சு ஊட்டுறவங்களைத்தான் சாமி கேக்கும்."

ஓட்டலுக்கான சிப்பிகளைப் புதன்கிழமை மாலையிலிருந்தே வடிகட்டிய நீரில் வைத்திருந்தோம், இரண்டு நாள். தொட்டியின் அடியில் கோழையில் சுற்றிய நீல நூல்கள் கிடந்தன. அவை தாமாகத் துப்பியவை. மீதி எத்தனை உள்ளே இருந்தன, தின்றவருக்கு அது என்ன செய்யும் என்று எனக்குத் தெரியாது. கேட்கவும் ஆளில்லை, பார்க்கவும் விதி இல்லை. வெள்ளிக்கிழமை பகல் சான்றிதழில் கையெழுத்துப் போட்டேன். அதன் கீழ் ஒரு வரி சேர்த்தேன்: இச்சிப்பிகளில் எமது பண்ணைக் கயிற்றின் நுண்ணிய நூல்கள் இருக்கக்கூடும்.

"இதை யார் படிக்கப்போகிறார்கள்?" என்றார் திரெக்தேர்.

"படித்தால் தெரியட்டும்."

ஓட்டல் சமையல்காரர் படித்துவிட்டார். திரெக்தேருக்குப் போன் வந்தது. "சிப்பியில் மணல் இருக்கும் என்று தெரியும். கயிறு இருக்கும் என்று இன்றுதான் கேள்விப்படுகிறேன்," என்று சிரித்தாராம். எழுநூற்று இருபதை முந்நூற்று அறுபதாகக் குறைத்தார். பாதிதான். ஆனால் கொட்டகை பூட்டப்படவில்லை. திங்கட்கிழமை காலை எண்ணினேன். பதினோரு பேரும் வந்திருந்தார்கள்.

கயிற்றை மாற்ற வேண்டும் என்று கேட்டபோது திரெக்தேர் கோபப்படவில்லை. "மனசாட்சி உங்களுடையது, கயிறும் உங்களுடையதாக இருக்கட்டும்," என்றார். குட்லண்ட்ஸில், கற்றாழை நாரில் சாக்குப் பைக்காகத் திரித்த கயிறு இன்னும் கிடைத்தது. வாங்கினேன்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். ஆலை குற்றமற்றது என்று நான் சொல்லவில்லை. அந்தக் கால்வாயை ஒழுங்காகப் பார்த்ததே இல்லை. துண்டுத் தூசியை வைத்துக் குற்றம் சாட்டப்போனவன், பிறகு அந்தப் பக்கம் போகவே கூசினேன். யாராவது பார்த்திருக்க வேண்டும். பார்க்க வேண்டியவன் நான்தான். முதல் தவறைத் திருத்திக்கொண்டேன். இதைத் திருத்தவில்லை.

1997இல் ஒரு நாள், எந்தப் பண்ணையும் இல்லாத, ஆளே இல்லாத ஒரு தீவின் பாறையிலிருந்து இருபத்துநாலு காட்டுச் சிப்பிகள் கொண்டுவந்தேன். அதே ஐஸ் அறை, அதே பருத்திச் சட்டை, நனைத்த சுவர். சிப்பிகளில் இருந்த நூல்களை எண்ணினேன். அதில் எனக்கு ஆச்சரியம் இல்லை. ஆனால் வெறும் தட்டுகளில் ஒன்றில் ஒரு நூல் மிதந்தது. நிறமே இல்லாத நூல். ஊசியைச் சுடவைத்துப் பார்த்தேன், சுருண்டது. என் சட்டையைப் பார்த்தேன், துண்டைப் பார்த்தேன், கதவை மூன்று முறை பார்த்தேன். அன்று யாரும் எங்கும் துணி வெட்டவில்லை; காற்றிலிருந்துதான் விழுந்திருக்க வேண்டும். அது யாருடையது என்று கேட்க ஆளில்லை. கடலைப் பார்க்கும்போது வராத பயமும் பிரமிப்பும் அந்த வெறும் தட்டைப் பார்த்தபோது வந்தன. அந்தத் தட்டைத்தான் உங்களைத் தினமும் வைக்கச் சொல்கிறேன்.

இனி என் செலவு. கற்றாழைக் கயிறு அறுநூற்று நாற்பது மீட்டர், மீட்டர் இரண்டு ரூபாய். ஐந்தே மாதத்தில் மக்கி அறுந்து, பத்தொன்பது சிப்பித் தட்டுகளோடு குளத்தின் அடிக்குப் போய்விட்டது. தாந்தினின் கணவருக்கு, நான் ஓட்டை போட்ட வேட்டிக்குப் பதிலாக, அதே ரோஜாத் துணி இரண்டு மீட்டர், மீட்டர் பதினெட்டு ரூபாய். அது மக்கவில்லை. அறுபத்தைந்து வயது தாண்டியும் அவர் அதையே கட்டிக்கொண்டு காவடி எடுக்கிறார். போன தைப்பூசத்தில் கோவில் வாசலில் பார்த்தேன், நிறம் சற்றும் மங்கவில்லை. கயிற்றுக்கு ஆயிரத்து இருநூற்று எண்பது, துணிக்கு முப்பத்தாறு. மொத்தம் ஆயிரத்து முந்நூற்றுப் பதினாறு ரூபாய்.